பக்கத்தில் இருப்பது மங்காது

பூமாரியின் அறையில் எந்தப் பக்கம் திருப்பிப் படம் எடுத்தாலும் குழந்தையின் தலைக்குப் பின்னால் ஏதாவது ஒன்று வந்து நின்றது. இந்தப் பக்கம் என்றால் கொடியில் கிடக்கும் வன்னியராஜின் கைலி. அந்தப் பக்கம் என்றால் அடுப்பும் கஞ்சிப் பானையும். வாசலைப் பார்த்து வைத்தால் எதிரே பொதுக் கக்கூஸின் தகரக் கதவு. மிச்சமிருந்த ஒரே சுவரில் ஓதம் ஏறிக் கறுப்பாகப் படர்ந்திருந்தது. ஐப்பசியில் துலாமழை தொடங்கிவிட்டால் அந்தச் சுவர் தை மாதம்வரை காயாது. வீட்டுக்காரரிடம் சொன்னால், மழைக்கு நான் என்ன செய்ய முடியும் என்பார். மழைக்கு முன்னால் சொன்னால், மழை வரட்டும் பார்ப்போம் என்பார்.

திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவை ஒட்டிய ஆரியசாலைச் சந்துகளில், மொத்தக் கடைகளுக்குப் பின்னால் இப்படி வரிசையாக அறைகள் உண்டு. முன்பக்கம் மல்லியும் மிளகாயும் பெருங்காயமும் மணக்கும். கடைக்காரர்கள் பலரும் தமிழர்கள்தான், வந்து தலைமுறைகள் ஆகிவிட்டன. வியாபாரத்தைத் தமிழில் பேசிச் சண்டையை மலையாளத்தில் போடுவார்கள். அவர்களிடம் வேலை பார்க்கிறவர்கள் பின்பக்கம் கிடப்பார்கள். உலகத்தில் எங்கேயும் இப்படித்தான் என்று சொல்லிவிடலாம். சொல்லிவிட்டால் மட்டும் ஓதம் காய்ந்துவிடுமா?

வன்னியராஜுக்கு வெங்காயக் கிட்டங்கியில் வேலை. லாரியிலிருந்து மூட்டை இறக்க அவனுக்கு உரிமை கிடையாது. அது யூனியன்காரர்களின் வேலை, வேறு யாரும் தொடக் கூடாது. அவர்கள் இறக்கிப் போட்டுவிட்டுப் போன பிறகு உள்ளே அடுக்குவது, அவிழ்த்துக் கொட்டுவது, அழுகலைப் பொறுக்குவது, காற்றாட விரித்து மறுபடி கட்டுவது எல்லாம் அவன். மழைக்காலத்தில் பொறுக்கப் பொறுக்க அழுகும். குளித்துவிட்டு வந்தாலும் அவன்மேல் அந்த வாடை இருக்கும். மகள் தன்ஷிகா அந்த வாடைக்குத்தான் அடங்குவாள். அம்மா தூக்கினால் முலையைத் தேடி அழுவாள். அப்பா தூக்கினால் தோளில் மூக்கைத் தேய்த்துக்கொண்டு பேசாமல் கிடப்பாள்.

பூமாரி பிரசவத்துக்கு முன்பு ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவினாள். இப்போது அதே ஹோட்டலுக்கு அறையில் இருந்தபடியே சின்ன வெங்காயம் உரித்துக் கொடுக்கிறாள். நகக்கண் எல்லாம் எரியும். எரிகிற கையோடு பிள்ளையைத் தொட முடியாதென்று ஒவ்வொரு தடவையும் தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு எழுவாள். அதற்குள் பிள்ளை அழுது ஓய்ந்திருக்கும்.

இத்தனை பாடுகளுக்கு நடுவில் படம் என்னத்துக்கு என்றால், சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஒரு போன் வந்திருந்தது.

பூமாரி வேறு சாதியில் கட்டிக்கொண்டு ஓடிவந்தவள். அவள் வீட்டு ஆண்கள் வன்னியராஜின் தெருவுக்குள் அதட்டிக்கொண்டு போவார்கள். அவன் ஆட்கள் இவள் தெருவுக்குள் வேலைக்கு மட்டும் வருவார்கள். அவள் போன மறுநாள் அவளுடைய அப்பா கிணற்றடியில் நின்று தலைமுழுகினார். ஆறு வருஷமாக அந்த வீட்டில் அவள் பெயரை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அம்மா வடிவம்மாள் மட்டும் விறகுக்குப் போகிற இடத்தில் நின்று எப்போதாவது போனில் பேசுவாள். இப்போது அப்பாவுக்கு ஒரு பக்கம் கையும் காலும் விழுந்து கட்டிலோடு கிடக்கிறார்.

“ஏளா, நேத்து அப்பா கேட்டாவ,” என்றாள் வடிவம்மாள், ரகசியம் பேசுகிற குரலில். “‘பெத்திருக்காமே, என்ன பிள்ளையாம்’னு கேட்டாவ.”

பூமாரி கத்தியைக் கீழே வைத்தாள். “நீ என்னம்மா சொன்ன?”

“பொட்டப்பிள்ளைன்னேன். அதுக்குமேல ஒண்ணும் கேக்கல, மூஞ்சியத் திருப்பிக்கிட்டாவ. ஆனா கேட்டாவள்லா. ஆறு வருசத்துல உன்னப் பத்தி ஒரு வார்த்த கேட்டது இதான்.”

“நான் கிளம்பி வரட்டாம்மா?”

“அவசரப்படாத. இந்தக் கெடையில கோவம் வந்துச்சுன்னா உசுரு போயிரும். மொதல்ல பிள்ள போட்டோ ஒண்ணு அனுப்பு. கண்ணுல காட்டுதேன். மனசு எளகுச்சுன்னா சொல்லுதேன். பிள்ளையக் கொண்டாந்து ஒரு நா காட்டிட்டுப் போ. அவிய கண்ணு மூடுததுக்குள்ள பாத்த மாதிரி இருக்கும்.”

“இன்னிக்கே அனுப்புதேன்.”

“நான் சொல்லுதத முழுசாக் கேளு. பிள்ள மட்டுந்தான் இருக்கணும். அந்த ஆளு ஒரு ஓரத்துல தெரிஞ்சாக்கூட வாங்கிப் பாக்க மாட்டாவ. நீங்க இருக்குத எடமும் தெரிய வேண்டாம். போன தடவ நீ அனுப்புனதுல பின்னால சொவரு இருந்த இருப்பப் பாத்து எனக்கே பாக்கச் சகிக்கல. இப்படிச் சீரழியத்தான் போனாளாம்பாவ. ரோட்டோர போர்டுல பிள்ள படம் போடுதான் பாரு, பின்னால ஒண்ணுமே தெரியாம மேகம் மாதிரி. அப்படி எடு.”

மத்தியானம் வன்னியராஜ் சாப்பிட வந்தபோது பூமாரி இதைச் சொன்னாள். மரச்சீனிக் கிழங்கும் மத்திக் குழம்பும் வைத்திருந்தாள். அவன் கிழங்கைப் பிட்டுக்கொண்டே கேட்டான். பாதியில் பிட்டதைத் தட்டிலேயே வைத்துவிட்டான்.

“நான் தெரியக் கூடாது, வீடு தெரியக் கூடாது. பிள்ள என்ன வானத்துல இருந்தா விழுந்துச்சு?”

“ஒரு போட்டோவுக்குத்தான.”

“ஒரு போட்டோவுக்குன்னு ஆரம்பிப்பீங்க. பெறவு ஒரு விசேசத்துக்கு. பெறவு ஒரு சாவு, துட்டிக்கு. கடைசில நான் எதுலயும் இருக்க மாட்டேன்.”

“எங்கப்பா கெடக்காவ. நாளைக்கு இருப்பாவளோ என்னவோ.”

“உங்கப்பா நல்லா நடமாடையில எங்க அண்ணனப் புளியமரத்துல கட்டி வச்சு அடிச்சாவ. அதுவும் எனக்கு நெனப்பு இருக்கு.”

பூமாரி குழம்புச் சட்டியை மூடினாள். அவன் சொன்னது நடந்ததுதானே. ஒன்றும் தெரியாதவனைப் பிடித்துத் தம்பி எங்கே என்று கேட்டு அடித்தார்கள் என்று சொல்லக்கூட முடியாது. தம்பி எங்கே இருக்கிறான் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது, அவன் வாயைத் திறக்கவில்லை. அவன் தாங்கிய அடியில்தான் இவர்கள் பஸ் ஏறினார்கள்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்த வன்னியராஜ் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். “ஷிஜாகிட்ட கேட்டுப் பாரு. அவதான பிள்ளைகள போட்டோ எடுக்குத கடையில நிக்கா.” அவனுக்குச் சமாதானம் பேச வேறு விதம் தெரியாது.

ஷிஜா அடுத்த அறைப் பெண். அப்பா அம்மா களியக்காவிளைப் பக்கம், இவள் பிறந்தது படித்தது எல்லாம் இங்கே. தமிழை மலையாளத்தில் பேசுவாள். கரமனையில் பிள்ளைகளுக்கென்றே இருக்கும் ஒரு ஸ்டுடியோவில், பிபின் என்கிற போட்டோகிராபரிடம் உதவிக்கு நிற்கிறாள். கிலுகிலுப்பை ஆட்டுவது, பின்னால் தொங்கவிடும் துணிகளுக்கு இஸ்திரி போடுவது, மூத்திரம் போனால் துடைப்பது. வசதியான வீட்டுக் குழந்தைகள் பூக்கூடையில் உறங்குகிற மாதிரி வரும் படங்களுக்குப் பின்னால் ஷிஜாவின் முதுகுவலி இருக்கிறது.

முதலில் அவள் தன் போனில் எடுத்துப் பார்த்தாள். “இதுல போர்ட்ரெய்ட்னு ஒண்ணு உண்டு சேச்சி. போனே கண்டுபிடிச்சுப் பின்னாடி உள்ளத மங்கலாக்கிரும், கேட்டோ.”

போன் தன் புத்திக்கு எட்டியபடி கண்டுபிடித்தது. குழந்தையின் உச்சி முடியையும் ஒரு காதையும் சுவரோடு சேர்த்துக் கரைத்துவிட்டது. கழுத்துக்குப் பக்கத்தில் தெரிந்த பிளாஸ்டிக் கப்பின் பிடியைக் குழந்தையின் உறுப்பு என்று நினைத்துப் பத்திரமாக விட்டுவைத்தது. ஷிஜா சிரித்தாள். பூமாரிக்குச் சிரிப்பு வரவில்லை.

“இதக் காட்டுனா பிள்ளைக்கு ஒத்தக் காதுன்னு ஊரு பூராப் பேசிருவாவ.”

“ஸ்டுடியோ கேமராவுல எடுத்தா இப்படி வராது சேச்சி. ஞாயிறாழ்ச்ச உச்சைக்குப் பிறகு ஒரு வீட்டுல ஷூட் உண்டு. காலையில கேமரா பேக் என் கையிலதான் இருக்கும். பிபின் சேட்டன்கிட்ட கேட்டுட்டு எடுத்துத் தரேன். பக்ஷே இந்த ரூமுல நடக்காது.”

“ஏன்?”

“தூரம் வேணும். பாப்பா என் பக்கத்துல இருக்கணும், பின்னாடி உள்ளது அங்க ரொம்பத் தள்ளிக் கிடக்கணும். அப்பத்தான் எல்லாம் கரைஞ்சு போவும். இங்க பாப்பா முதுகுக்கும் சுவருக்கும் ஒரு சாண் கூட இல்லல்லோ.”

தூரம் என்பதும் ஒரு சாமான்தான். இருக்கிறவன் வீட்டில் இருக்கும், இல்லாதவன் வீட்டில் இருக்காது.

ஆனால் ஞாயிற்றுக்கிழமையானால் ஆரியசாலைச் சந்தில் அது எல்லாருக்கும் கிடைத்தது. வாரம் முழுக்க லாரியும் உந்துவண்டியும் முட்டிக்கொண்டு நிற்கும் சந்து, அன்று காலையில் ஷட்டர்களை இறக்கிவிட்டுப் பெரிய ரோடுவரை நீளமாகக் கிடந்தது. முந்தின நாள் மழையில் கல் எல்லாம் கழுவியிருந்தது. வெயில் ஏறுவதற்கு முன்னால் எடுத்துவிட வேண்டும் என்றாள் ஷிஜா. பூமாரி பிள்ளையைக் குளிப்பாட்டி, மஞ்சள் கவுன் போட்டு, கன்னத்தில் மைப்பொட்டு வைத்துக் கொண்டுவந்தாள்.

அப்போதுதான் ஒன்று புத்தியில் பட்டது. தன்ஷிகாவுக்கு இன்னும் உட்காரத் தெரியாது. பலகையில் வைத்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். பூமாரி பின்னால் இருந்து பிடித்தால் திரும்பி அவள் மார்பைப் பார்த்து அழுதாள்.

“அண்ணன் பிடிக்கட்டு,” என்றாள் ஷிஜா.

வன்னியராஜ் கிட்டங்கிப் படியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். “நான் பின்னால இருந்தா மங்கிருவேன்லா? அப்பச் சரி.”

“இல்ல அண்ணே. பக்கத்துல இருக்கறது மங்காது. பாப்பாவ ஒட்டி இருந்தா நீங்களும் பாப்பா போலத் தெளிவா வருவீங்க.”

பூமாரி பிள்ளையின் கவுனை இழுத்துவிட்டாள். ஷிஜாதான் ஒரு வழி சொன்னாள், “ஸ்டுடியோவுல நாங்க அம்மாமாருக்கு மேல துணி போட்டு மூடிருவோம். சோபா மாதிரி இருக்கும். ஆரும் அறிய மாட்டாங்க.”

பூமாரி அவனைப் பார்த்தாள். “ஏங்க,” என்றாள். 

“எங்கிட்ட என்ன கேக்க,” என்று அவன் எழுந்து கிட்டங்கிக்குள் போனான். வீட்டில் இருந்த விரிப்பு பெரிய பூப்போட்டது, ஆகாது. அவனே ஒரு சாக்கைக் கொண்டுவந்தான். அது மிளகாய்ச் சாக்கு; உதறினதும் பிள்ளை தும்மத் தொடங்கியது. மறுபடி போய், மூட்டைகளை மூடுவதற்காக மல்லிச் சாக்குகளைப் பிரித்துச் சேர்த்துத் தைத்த படுதா ஒன்றைக் கொண்டுவந்தான். சந்தின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அதைத் தலைவழியாகப் போட்டுக்கொண்டான். படுதாவுக்கு உள்ளிருந்தே குழந்தையின் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்தான்.

“கால் தெரியுது,” என்றாள் பூமாரி. குனிந்து அவன் பெருவிரலைச் சாக்குக்குள் தள்ளினாள். “முடி தெரியுது.” அவன் தலையைக் கையால் அமுக்கிச் சாக்கை இழுத்துவிட்டாள். அவன் அமுக்கின பக்கமெல்லாம் குனிந்துகொடுத்தான். அவளுக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தைவிட, ஷிஜா சீக்கிரம் எடுத்துத் தொலைத்தால் தேவலை என்ற அவசரம் பெரிதாக இருந்தது.

பிள்ளை அழவில்லை. சாக்கில் மூக்கைத் தேய்த்துப் பார்த்தது. மல்லி மணத்தையும் மீறி அதற்கு அப்பன் வாடை கிடைத்திருக்க வேண்டும். உள்ளிருந்து வன்னியராஜ் புறா மாதிரிக் குனுகினான். பிள்ளை வாயை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு சிரித்தது. ஷிஜா தரையில் முட்டுக்குத்தி விடாமல் எடுத்தாள். கட்டன் சாயா குடிக்கப் போன யூனியன்காரர் ஒருவர் நின்று பார்த்து, அப்பனை எதற்குச் சாக்குக்குள் போட்டிருக்கிறீர்கள் என்று மலையாளத்தில் கேட்டுச் சிரித்துவிட்டுப் போனார்.

கேமராவின் சின்னத் திரையில் பார்த்தபோது பூமாரிக்கு அது தங்கள் சந்து என்று நம்ப முடியவில்லை. ஷட்டர்களின் நீலம், கொடிக்கம்பத்துச் சிவப்பு, சாக்கடை மூடியின் மேல் விழுந்த வெயில், எல்லாம் உருகி, ஏதோ பெரிய பங்களாவின் தோட்டம் மாதிரி இருந்தது. அதற்கு முன்னால் தன்ஷிகா, கண் இமை ஒவ்வொன்றும் தெரிய.

வன்னியராஜ் சாக்கைக் கழற்றிக்கொண்டு வந்தான். முகமெல்லாம் வியர்வை, முடியில் சணல் நார். “நல்லா இருக்கே,” என்றான். “நான் எங்கன இருக்கேன்?”

“இதான் அண்ணே. இந்த சோபா.”

அவன் சிரித்தான். அப்புறம் வாளியில் தண்ணீர் மொண்டு முகம் கழுவப் போய்விட்டான்.

படம் அனுப்பியாயிற்று. அன்றைக்கும் மறுநாளும் போன் வரவில்லை. பூமாரி வெங்காயம் உரித்துக்கொண்டே என்ன சேலை கட்டுவது, தம்பானூரில் எந்த பஸ் ஏறுவது என்றெல்லாம் யோசித்தாள். அப்பா கட்டில் பக்கத்தில் பிள்ளையைக் கிடத்தினால், விழாத கையால் தொடுவாரா என்று யோசித்தாள். வன்னியராஜும் யோசித்திருந்தான். “தென்காசி வரைக்கும் நான் கொண்டுவந்து விடுதேன். நீ பிள்ளையத் தூக்கிட்டுப் போயிட்டு வா. நீ வாரவரைக்கும் பஸ் ஸ்டாண்டுல இருக்கேன்,” என்றான். பூமாரி அவன் தட்டில் இன்னொரு துண்டு மீன் வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், தகரத்தில் மழை அடித்துக்கொண்டிருக்கும்போது போன் வந்தது.

“காட்டுனியாம்மா?”

“காட்டுனேன் ளா.”

“பாத்தாவளா?”

“பாத்தாவ. கண்ணாடியக் கொண்டான்னாவ, மாட்டிவிட்டேன். ரொம்ப நேரம் பாத்தாவ. உன் மதினிகூட எட்டிப் பாத்துட்டு, நல்ல எடமா இருக்கே, தோட்டமான்னு கேட்டா.”

“அப்பா என்ன சொன்னாவ?”

 அங்கே ஆடு கத்துவது கேட்டது.

“சொல்லும்மா.”

“‘அப்படியே அவன உரிச்சு வச்சிருக்கு’ன்னாவ. அந்த நெத்தி, மூக்கு, சிரிக்கையில வாய் கோணுத கோணலு, எல்லாம் அவந்தான்னாவ. போனக் கட்டில்ல குப்புறப் போட்டுட்டாவ. கஞ்சியும் குடிக்கல.”

பூமாரி மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்ப நான் வர வேண்டாமா?”

“இப்ப வேண்டாம் ளா. உசுர வாங்கிராத. ஒண்ணு செய்யி. பின்னால இருக்குத எல்லாத்தையும் கரைச்சிட்டீங்கள்லா, அதே மாதிரி மூஞ்சியையும் லேசா மங்க வைக்க முடியுமான்னு அந்தப் பிள்ளகிட்ட கேளு. ரொம்ப வேண்டாம். சாடை தெரியாத அளவுக்கு. கொஞ்ச நாள் கழிச்சு நேரம் பாத்துக் காட்டுதேன்.”

அம்மா குத்திக்காட்டிச் சொல்லவில்லை. மகளும் பேத்தியும் எப்படியாவது வீட்டு வாசல் மிதிக்க வேண்டும் என்ற நல்ல மனசோடுதான் சொன்னாள். அதைத்தான் பூமாரியால் பொறுக்க முடியவில்லை.

“அது அவ மூஞ்சிம்மா,” என்றாள்.

“தெரியுது ளா. நான் என்ன செய்ய. வைக்கேன், அவிய கூப்பிடுதாவ.”

பூமாரி போனைக் கீழே வைத்துவிட்டு, பாயில் உறங்கும் மகளைப் பார்த்தாள். நெற்றி, மூக்கு, வாய். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக, அப்பா இப்படியே கிடந்து போகட்டும் என்று நினைத்தாள். நினைத்ததற்காக அழவும் செய்தாள். அழுகை நின்ற பிறகும் அந்த நினைப்பு போகவில்லை.

சாயங்காலம் வன்னியராஜ் நனைந்துகொண்டு வந்தான்.

“போன் வந்துச்சா?”

“வந்துச்சு.”

“பாத்தாவளாமா?”

“பாத்தாவளாம்.”

“என்ன சொன்னாவளாம்?”

ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லிவிடத்தான் அவள் நினைத்திருந்தாள். வாயில் வந்தது வேறாக இருந்தது. “உங்கள உரிச்சு வச்சிருக்காம்.”

அவன் தலை துவட்டுவதை நிறுத்தினான். “அப்படியா சொன்னாவ? அவிய வாயாலயா?”

“ஆமா.”

பிள்ளை அப்பனைப்போல் இருக்கிறது என்பதை அவர்கள் ஊரில் நல்ல வார்த்தையாகத்தான் சொல்வார்கள். அவன் வேறு எப்படி எடுத்துக்கொள்வான்? துண்டை வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அவன் முகம் அவ்வளவு இளகிப் பூமாரி கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

“கெடையில விழுந்தாத்தான் மனுசன் எளகுதான், பாத்தியா. நானும் அன்னிக்கு வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். புளியமரம் அது இதுன்னு. ஒண்ணும் மனசுல வச்சுக்காத.”

“நான் ஒண்ணும் வைக்கல.”

“எங்க அண்ணன்கிட்டயும் சொல்லணும். அவனுக்கும் ஒரு ஆறுதலா இருக்கும்.” எழுந்து பிள்ளையைத் தூக்கி அதன் முகத்தைத் தன் முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தான். “அப்ப இனி என்னய மூட வேண்டாம்லா? மூணு பேருமா ஒண்ணு எடுத்து அனுப்புவோம். மனசு மாறுததுக்குள்ள அனுப்பிரணும்.”

பூமாரி சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள். அதற்குள் அவன் ஆணியில் மாட்டியிருந்த கண்ணாடி முன்னால் நின்று சோப்பு நுரை போட்டுச் சவரம் செய்ய ஆரம்பித்திருந்தான். சவரம் முடித்து, டிரங்குப் பெட்டியிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டான்.

“ஷிஜாகிட்ட சொல்லு, பின்னால ஒண்ணும் கரைக்க வேண்டாம். சொவரு எப்படி இருக்கோ அப்படியே வரட்டும். அவிய பாத்துக்கிடட்டும்.”

“ஷிஜா வர நேரமாகும்,” என்றாள் பூமாரி.

“ஆகட்டும். இருக்கேன்.”

சட்டை கசங்காமல் வாசல்படியில் உட்கார்ந்து, மகளை மடியில் வைத்து, அவளுக்கு இருந்த கொஞ்சம் முடியைத் தன் சீப்பால் வாரிவிடத் தொடங்கினான்.